நச்சுயிரியைக் காட்டும் மின்வாய்

காய்ச்சல் என்பது நோயன்று. நோய் வந்திருக்கிறது என்று உடல் நமக்கு அறிவிக்கும் செய்தி. ஆனால் அச்செய்தி, வந்திருப்பவர் இன்னார் என்று பெயர் சொல்வதில்லை. டெங்குக் காய்ச்சலும், இன்புளுயென்ஸாக் காய்ச்சலும், 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கோவிட் நோயும் தொடக்கத்தில் ஏறத்தாழ ஒரே முகத்தோடுதான் வருகின்றன. உடல் சுடுகிறது, தலை வலிக்கிறது, கை கால்கள் ஓய்ந்து போகின்றன. இவற்றுக்குச் செய்ய வேண்டிய மருத்துவமோ ஒன்றன்று. காட்ட வேண்டிய எச்சரிக்கையும் ஒன்றன்று. ஆகையால் வந்திருப்பது எது என்பதை விரைவில் அறிவது மருத்துவத்தின் முதற் கடமைகளுள் ஒன்றாகிறது.

மாணவ நேயர்களே, அவ்வாறு அறிவதற்கு மின்சாரம் எவ்வகையில் துணைசெய்கிறது என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். இதற்கென ஆக்கப்படும் கருவிகளுக்கு மின்வேதி உயிருணரிகள் என்று பெயர். பெயர் சற்று நீளம், பொருள் எளியது. உயிர்ப்பொருள் ஒன்று நோய்க்கிருமியை இனம் கண்டு பற்றிக்கொள்கிறது. அதனடியில் இருக்கும் மின்வாய், 'பற்றியாயிற்று' என்னும் செய்தியை மின்னோட்டமாக மாற்றி நமக்குச் சொல்கிறது. அவ்வளவுதான்.

முதலில், நாம் தேடும் பொருள் எத்தகையது என்று பார்ப்போம். 1892-ஆம் ஆண்டில் ருஷ்ய அறிஞர் இவனோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலைச் செடியின் சாற்றை மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்தார். பாக்டீரியாக்கள் யாவும் வடிகட்டியில் தங்கிவிட்டன. ஆயினும் வடிந்த சாறு, நல்ல செடிக்கும் நோயை உண்டாக்கிற்று. 1898-இல் ஹாலந்து நாட்டு பெய்யரிங்க், இது பாக்டீரியாவினும் வேறான ஒன்று என்று துணிந்து, அதற்கு வைரஸ் என்ற பெயரை வழங்கினார். நச்சுயிரி என்று நாம் தமிழில் சொல்வது இதனைத்தான். கோவிட் நோயின் நச்சுயிரி ஏறத்தாழ 100 நானோமீட்டர் குறுக்களவு உடையது. அத்தகைய பத்தாயிரம் நச்சுயிரிகளை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். டெங்கு நச்சுயிரி அதிலும் பாதியளவே.

இத்துணைச் சிறியதாயினும் அதற்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, அதன் மேலுறையாக அமைந்த புரதம். மற்றொன்று, அவ்வுறைக்குள் பொதிந்திருக்கும் நியூக்ளிக் அமிலம். முன்னது அதன் உடை. பின்னது அதன் கையெழுத்து. உடையைக் கண்டும் ஆளை அறியலாம். கையெழுத்தைக் கண்டும் அறியலாம். 1971-இல் சுவீடன் நாட்டு எங்வாலும் பெர்ல்மனும் வகுத்த எலைசா முறை புரதங்களைக் கொண்டு அறிவது. 1983-இல் அமெரிக்காவின் கேரி மல்லிஸ் கண்ட பி.சி.ஆர். முறை நியூக்ளிக் அமிலத்தைப் பல மடங்காகப் பெருக்கி அறிவது. இப்பணிக்காக 1993-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இவ்விரண்டும் மிகச் சிறந்த முறைகள். பின் குறைதான் என்ன என்று கேட்பீர்கள்.

குறை முறையில் இல்லை, தொலைவில் இருக்கிறது. நோயாளி ஓரிடத்தில் இருக்கிறார். ஆய்வுக்கூடம் வேறோரிடத்தில் இருக்கிறது. இத்தொலைவு எத்தகைய துயரத்தை விளைக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன்.

எச்.ஐ.வி. நச்சுயிரி உடைய தாய் ஒருத்திக்குக் குழந்தை பிறக்கிறது. அந்நச்சுயிரி குழந்தைக்கும் சென்றிருக்கலாம், செல்லாமலும் இருக்கலாம். பெரியவர்களுக்குச் செய்வதுபோல, இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டா என்று பார்த்து இதனை அறிய முடியாது. ஏனெனில் தாயின் எதிர்ப்பொருள்கள் கருவிலேயே குழந்தையின் இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. அவை பதினெட்டு மாதங்கள் வரையில் நிலைத்திருக்கக்கூடும். நோயில்லாத குழந்தையும் அதுவரை நோயுற்றதுபோலவே தோன்றும். ஆதலின் நச்சுயிரியின் நியூக்ளிக் அமிலத்தையே நேராகத் தேட வேண்டும். குழந்தையின் குதிகாலிலிருந்து சில துளி இரத்தம் எடுத்து, தாளில் உலர்த்தி, தொலைவிலுள்ள நகரத்துக்கு அனுப்புவார்கள். விடை வரச் சில வாரங்கள் ஆகும். சில நாடுகளில் சில மாதங்களும் ஆயின. இதற்கிடையில் தாய் மீண்டும் மருத்துவ நிலையத்துக்கு வராமலே போய்விடுவதும் உண்டு. நோய் பற்றிய குழந்தைகளுக்கு மருந்து கிடைக்காவிட்டால், மூன்றில் ஒரு பங்கினர் முதலாண்டு நிறைவுக்குள் இறந்துவிடுகின்றனர். ஏறத்தாழப் பாதிப் பேர் இரண்டாம் ஆண்டைக் கடப்பதில்லை. மருந்து இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், விடை மட்டும் வந்து சேரவில்லை.

ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டில் இதனைச் சோதித்துப் பார்த்தார்கள். மருத்துவ நிலையத்திலேயே ஒரு சிறு கருவியை வைத்து, தாய் காத்திருக்கும்போதே விடை சொன்னார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி, அவ்வாறு விடை பெற்ற நோயுற்ற குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 90 பேருக்கு அறுபது நாட்களுக்குள் மருத்துவம் தொடங்கிற்று. பழைய முறையில் இரத்தத்தை நகரத்துக்கு அனுப்பிய இடங்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேருக்குத்தான் தொடங்கிற்று. மருந்து ஒன்றே, நோயும் ஒன்றே, இவ்வளவு வேறுபாட்டையும் செய்தது, விடை பிறந்த இடம். அக்கருவி ஒளியைக் கொண்டு அறிவது, விலை மிகுந்தது. அதே வேலையை இன்னும் சிறிய, இன்னும் மலிவான கருவியால் செய்ய முடியுமா என்று எண்ணும்போதுதான் மின்வேதியியல் நம் முன் வந்து நிற்கிறது.

ஒளியை அளக்க விளக்கும் வில்லையும் உணர்கலமும் வேண்டும். கலங்கிய இரத்தத்தில் ஒளி சிதறிப்போகும். மின்னோட்டத்தை அளக்கவோ, அட்டை ஒன்றில் பூசிய கரிக்கோடும், சிறு மின்கலமும், நகத்தளவு மின்னணுச் சில்லும் போதும். இரத்தம் சிவந்திருந்தாலும் கலங்கியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

இத்துறைக்கு வித்திட்டவர் அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க் என்னும் அறிஞர். இரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் மின்வாயை அவர் 1956-இல் வெளியிட்டார். 1962-இல், லயன்ஸ் என்பவரோடு சேர்ந்து, மற்றோர் அருமையான யோசனையைச் சொன்னார். குளுக்கோஸ் என்னும் சர்க்கரையை மட்டுமே தேர்ந்து தாக்கும் நொதி ஒன்று உண்டு. அந்நொதி வேலை செய்யும்போது ஆக்ஸிஜனைச் செலவிடும். மின்வாயின் மீது அந்நொதியை ஒரு மெல்லிய சவ்வினால் கட்டிவைத்தால், ஆக்ஸிஜன் எவ்வளவு குறைகிறது என்பதைக் கொண்டு சர்க்கரையின் அளவைச் சொல்லிவிடலாம் அன்றோ? உயிர்ப்பொருளும் மின்வாயும் கைகோத்தது இவ்வாறுதான். 1984-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு, கிரான்பீல்டு அறிஞர்கள், ஆக்ஸிஜனுக்குப் பதிலாக ஃபெரோசீன் என்னும் இரும்புச் சேர்மத்தைத் தூதனாக வைத்தார்கள். நொதியிடமிருந்து எலெக்ட்ரானை வாங்கி மின்வாயில் சேர்ப்பது அத்தூதனின் வேலை. 1987-இல் பேனா அளவுள்ள சர்க்கரை அளவி கடைகளுக்கு வந்தது. இன்று நம் வீடுகளில் பெரியவர்கள் விரல் நுனியில் குத்தி, ஒரு துளி இரத்தத்தைப் பட்டையில் தொட்டு, சில நொடிகளில் எண்ணைப் படிக்கிறார்களே, அது இந்த மரபில் வந்த கருவிதான்.

வகுப்பில் இதனைச் சொல்லும்போதெல்லாம் மாணவர் யாரேனும் ஒருவர் எழுந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "ஐயா, சர்க்கரைக்கு வீட்டிலேயே பட்டை இருக்கிறது. டெங்குவுக்கும் எச்.ஐ.வி.க்கும் அதுபோன்ற மின்பட்டை ஏன் வீட்டுக்கு வீடு வரவில்லை?" நல்ல கேள்வி. இதற்கு விடை, ஒரு சிறிய கணக்கில் இருக்கிறது.

உடல்நலமுள்ள ஒருவரின் இரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிமோல் குளுக்கோஸ் உண்டு. ஒரு லிட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் வருவது ஒரு மைக்ரோலிட்டர். சர்க்கரைப் பட்டை உறிஞ்சும் துளி ஏறத்தாழ அவ்வளவுதான். அவகாட்ரோ எண்ணைக் கொண்டு பெருக்கிப் பாருங்கள். அந்த ஒரு துளியில் மூவாயிரம் இலட்சம் கோடி குளுக்கோஸ் மூலக்கூறுகள் இருக்கும். அதாவது மூன்றுக்குப் பின்னே பதினைந்து சுழிகள். இப்பொழுது, ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஆயிரம் நச்சுயிரிகள் உள்ள நோயாளி ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். அவருடைய அதே துளியில் எத்தனை நச்சுயிரிகள் இருக்கும்? சராசரியாக ஒன்றே ஒன்று. சில துளிகளில் அதுவும் இராது!

இன்னும் கேளுங்கள். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு மின்வாய்க்கு இரண்டு எலெக்ட்ரான்களைத் தருகிறது. ஒரு நானோ ஆம்பியர் என்னும் மிகச் சிறிய மின்னோட்டத்துக்குக்கூட நொடிக்கு 624 கோடி எலெக்ட்ரான்கள் ஓட வேண்டும். அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு 62 இலட்சம் வேண்டும். ஒற்றை நச்சுயிரி ஓரிரு எலெக்ட்ரான்களைத் தந்தால் அதனை எந்தக் கருவி கேட்கும்? சர்க்கரை, சந்தை இரைச்சலைப்போல் தானே வந்து காதில் விழுகிறது. நச்சுயிரியோ அச்சந்தையின் நடுவே ஒருவர் வாய்க்குள் முணுமுணுப்பதை ஒத்தது. மேலும் சர்க்கரையைத் தாக்கி எலெக்ட்ரானை வெளிப்படுத்தும் நொதியை இயற்கையே நமக்குத் தந்திருக்கிறது. நச்சுயிரிக்கு அப்படியொரு நொதியில்லை. எல்லாவற்றையும் நாமே அமைத்துக்கொள்ள வேண்டும்.

அவ்வாறு அமைக்க வேண்டிய வேலைகள் மூன்று. பிடித்தல், மொழிபெயர்த்தல், பெருக்குதல் என்று அவற்றுக்குப் பெயரிடுவோம்.

முதலாவது பிடித்தல். நச்சுயிரியின் உடையைப் பிடிக்க எதிர்ப்பொருள் உதவும். ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு ஆக்கும் வழியை 1975-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் கோலரும் மில்ஸ்டைனும் கண்டனர். 1984-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். கையெழுத்தைப் பிடிக்க வேண்டுமானால், அதற்கு இணையான டி.என்.ஏ. இழை ஒன்றைச் செயற்கையாகச் செய்துகொள்ளலாம். ஏணியின் ஒரு பக்கம் மறுபக்கத்தோடு பொருந்துவதுபோல் அது தன் இணையைக் கண்டதும் சேர்ந்துகொள்ளும். இவற்றை மின்வாயின் மீது எவ்வாறு நிறுத்துவது? தங்கத்துக்கும் கந்தகத்துக்கும் உள்ள பற்று இங்கே துணைக்கு வருகிறது. இழையின் ஒரு முனையில் கந்தக அணு ஒன்றைக் கட்டி, அதனைப் பொன் மின்வாயின் மீது விட்டால், நாற்றங்காலில் பயிர் நிற்பதுபோல் இழைகள் ஒழுங்காக ஊன்றி நிற்கும்.

இரண்டாவது மொழிபெயர்த்தல். பிடித்த செய்தியை மின்சாரத்தின் மொழியில் சொல்ல வேண்டும். இதற்கு வழிகள் பல. இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, வழிமறிப்பைக் காண்பது. கரைசலில் எலெக்ட்ரானை எளிதில் கொடுத்து வாங்கும் அயனிகளைக் கலந்துவிடுவார்கள். அவை மின்வாய்க்கு ஓயாமல் வந்துபோய்க்கொண்டிருக்கும். நச்சுயிரி வந்து அமர்ந்ததும், கோயில் வாயிலில் ஒருவர் குறுக்கே உட்கார்ந்ததுபோல், போக்குவரவு தடைப்படும். அந்தத் தடை எவ்வளவு கூடிற்று என்று அளந்தால் போதும். மற்றொன்று, அடையாளச் சீட்டு ஒட்டுவது. பிடிபட்ட நச்சுயிரி இழையின் மீது, ஃபெரோசீன் கட்டிய இன்னோர் இழையை ஒட்டவிடுவார்கள். அடியில் ஓர் இழை, நடுவில் நச்சுயிரி இழை, மேலே சீட்டு இழை. மூன்றும் சேர்ந்தால்தான் ஃபெரோசீன் மின்வாயின் அருகில் நிற்கும். குறித்த மின்னழுத்தத்தில் எலெக்ட்ரானைத் தரும். நடுவில் இருப்பவர் வராவிட்டால் சீட்டும் நில்லாது, மின்னோட்டமும் இராது. சர்க்கரைப் பட்டையில் தூதனாய் இருந்த அதே ஃபெரோசீன் இங்கே சாட்சியாய் நிற்பதைக் கவனியுங்கள்.

நியூக்ளிக் அமிலத்துக்கும் மின்வாய்க்கும் உள்ள உறவு இன்று நேற்று அறியப்பட்டதன்று. பிராகு நகரத்து ஹேரோவ்ஸ்கி 1922-இல் பாதரச மின்வாயைக் கொண்டு ஆராயும் முறையைக் கண்டு, 1959-இல் நோபல் பரிசு பெற்றார். அதற்கு அடுத்த ஆண்டே, அவர் நாட்டு பர்னோ நகரத்தில் எமில் பலெச்செக் என்னும் இளம் அறிஞர், டி.என்.ஏ. தானே பாதரச மின்வாயில் மின்குறியைத் தருகிறது என்று காட்டினார். அப்பொழுது அதனால் என்ன பயன் என்று கேட்டவர்களுக்கு உடனே சொல்ல விடை இருந்திராது. பயன் பல ஆண்டுகள் கழித்தே வந்தது. அறிவியலில் விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் மற்றொருவர் என்பது புதிதன்று.

மூன்றாவது பெருக்குதல். ஒரு நச்சுயிரியின் முணுமுணுப்பை நாம் கேட்கும் குரலாக உயர்த்த வேண்டும். நியூக்ளிக் அமிலத்தை நொதிகளைக் கொண்டு படியெடுக்கச் செய்யலாம். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, முப்பது முறை இரட்டித்தால் 107 கோடிப் படிகள் கிடைக்கும். அல்லது, சீட்டாக ஃபெரோசீனை ஒட்டாமல் ஒரு நொதியையே ஒட்டலாம். குதிரை முள்ளங்கி என்னும் கிழங்கிலிருந்து எடுக்கும் பெராக்ஸிடேஸ் நொதி இவ்வேலைக்குப் பெயர்பெற்றது. ஒரே ஒரு நொதி மூலக்கூறு தன் அருகில் வரும் ஆயிரமாயிரம் மூலக்கூறுகளை மாற்றித் தள்ளும். அவை ஒவ்வொன்றும் மின்வாயில் எலெக்ட்ரானைக் கொடுக்கல் வாங்கல் செய்யும்.

பிடித்தாயிற்று, மொழிபெயர்த்தாயிற்று, பெருக்கியும் ஆயிற்று. இனி என்ன தடை? என் கருத்தில், இத்துறையின் உண்மையான தடை இனிமேல்தான் தொடங்குகிறது.

உப்பு நீரில் தூய நச்சுயிரியைக் கலந்து சோதித்தால் இக்கருவிகளுள் பல மிக அழகாக வேலை செய்யும். 2004-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து அறிஞர்கள், சிலிக்கன் நுண்கம்பி ஒன்றின்மீது ஒற்றை இன்புளுயென்ஸா நச்சுயிரி வந்து அமர்வதையும் எழுந்து போவதையும் மின்குறியாகக் கண்டார்கள். இதைவிடக் கூர்மை வேறென்ன வேண்டும்? ஆனால் நோயாளியின் உடலில் ஓடுவது உப்பு நீர் அன்று, இரத்தம். நூறு மில்லிலிட்டர் இரத்த நீரில் ஏறத்தாழ ஏழு கிராம் புரதம் இருக்கிறது. அப்புரதங்களுக்குப் பொன் மின்வாயைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும் இயல்பு உண்டு. ஒரு நச்சுயிரி வந்து வாயிலை மறிப்பதற்கு முன்னே, கோடிக்கணக்கான புரதங்கள் வந்து மறித்துவிடும். வழிமறிப்பை மட்டும் அளக்கும் கருவி, நச்சுயிரி இல்லாதவரிடத்தும் 'உண்டு' என்று சொல்லிவிடும். அன்றியும் வெப்பம் மாறினால் மின்னோட்டம் மாறும். பட்டை நெடுநாள் இருந்து ஈரம் பட்டால் எதிர்ப்பொருள் கெடும். ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் பூச்சு சிறிது வேறுபட்டாலும் விடை வேறுபடும்.

ஆகவே, உணரியின் பெருமை அது எவ்வளவு சிறியதை உணர்கிறது என்பதில் மட்டும் இல்லை. மற்றவற்றை உணராமல் இருப்பதிலும் இருக்கிறது. நான் இன்று சொல்ல வந்ததன் சாரம் இதுதான்.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்குகிறேன். ஓர் ஊரில் ஆயிரம் பேரைச் சோதிக்கிறோம். அவர்களுள் பத்துப் பேருக்கு மட்டுமே நோய் உண்டு என்று வைத்துக்கொள்வோம். நோயுள்ளவரை நூற்றுக்குத் தொண்ணூறு முறையும், நோயில்லாதவரை நூற்றுக்குத் தொண்ணூறு முறையும் சரியாகச் சொல்லும் கருவி நம்மிடம் இருக்கிறது. கேட்பதற்கு நல்ல கருவியாகவே தோன்றும். பத்து நோயாளிகளுள் ஒன்பது பேரைப் பிடித்துவிடும், நல்லது. ஆனால் நோயற்ற 990 பேருள் பத்தில் ஒரு பங்கினரை, அதாவது 99 பேரை, நோயாளிகள் என்று அது தவறாகச் சுட்டும். 'உண்டு' என்று விடை பெற்ற 108 பேருள் உண்மையில் நோயுள்ளவர் ஒன்பதே பேர், பன்னிரண்டில் ஒருவர்! எச்.ஐ.வி. போன்ற நோயில், 'உண்டு' என்னும் ஒரு பொய்ச் சொல் ஒரு குடும்பத்தையே கலக்கிவிடும். 'இல்லை' என்னும் பொய்ச் சொல்லோ ஒரு குழந்தையின் உயிரையே வாங்கிவிடும். ஆகையால்தான் இக்கருவிகளை நோயாளியின் அருகில் கொண்டுசெல்லும் முன் அத்தனை சோதனைகள் வேண்டியிருக்கின்றன. சீட்டு ஒட்டும் முறையும் பெருக்கும் முறையும் பெரிதும் விரும்பப்படுவதற்கும் காரணம் இதுவே. இரண்டு, மூன்று பொருத்தங்கள் ஒன்றாகச் சேர்ந்தாலன்றி அவை 'உண்டு' என்று வாய் திறப்பதில்லை.

இவ்வளவு தடைகள் இருந்தும் மின்வாய் மருத்துவ உலகில் புகாமல் இல்லை. மின்வாயில் அழுத்தம் கொடுத்ததும் ருதீனியம் சேர்மம் ஒளிவிடும் முறை, 1990-களிலிருந்து பெரிய ஆய்வுக்கூடங்களில் வழங்கி வருகிறது. மஞ்சட்காமாலை நச்சுயிரியையும் எச்.ஐ.வி.யையும் அதனால் ஆராய்கிறார்கள். நான் முன்னே சொன்ன ஃபெரோசீன் சீட்டு முறையில் அமைந்த கருவி ஒன்றுக்கு 2017-இல் அமெரிக்க உணவு மருந்து ஆணையம் ஒப்புதல் அளித்தது. மூக்கிலிருந்து எடுத்த சளியில் பல சுவாச நோய் நச்சுயிரிகளை ஒருங்கே அது தேடும். இவை மருத்துவமனைக்கு உரியவை.

வீட்டுக்கு உரியதும் ஒன்று வந்தது. கலிபோர்னியாவின் கியூ ஹெல்த் என்னும் நிறுவனம் கோவிட் நோய்க்கென ஆக்கிய கருவி, மூக்குச் சளியிலுள்ள நியூக்ளிக் அமிலத்தைப் பெருக்கி, நொதியைச் சீட்டாக ஒட்டி, மின்னோட்டமாக அளந்து, ஏறத்தாழ இருபது நிமிடங்களில் கைப்பேசிக்கு விடையை அனுப்பிற்று. 2021 மார்ச்சு மாதத்தில், மருத்துவர் சீட்டு இன்றியே வீட்டில் பயன்படுத்த அதற்கு அவசர அனுமதி கிடைத்தது. நியூக்ளிக் அமிலத்தை ஆராயும் முறைகளுள் அவ்வாறு அனுமதி பெற்றது அதுவே முதலாவது. ஆனால் 2024 மே மாதத்தில் அதே ஆணையம் அக்கருவியைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. நச்சுயிரியைக் கண்டறியும் நம்பகத்தைக் குறைக்கும் மாறுதல்கள் கருவியில் செய்யப்பட்டுவிட்டன என்றும், பொய்யான விடை வரக்கூடும் என்றும் கூறிற்று. அவ்வாண்டிலேயே அந்நிறுவனம் மூடப்பட்டது. தொற்று தணிந்தபின் அக்கருவியை வாங்குவார் குறைந்ததும் ஒரு காரணம். இதிலிருந்து நாம் அறிவது என்ன? மின்வாயால் வீட்டிலேயே நச்சுயிரியைக் காண முடியும் என்பது நிலைநாட்டப்பட்டுவிட்டது. ஆனால் நம்பகம் என்பது ஒருமுறை பெற்று வைத்துக்கொள்ளும் பட்டம் அன்று. ஒவ்வொரு பட்டையிலும் மீண்டும் மீண்டும் காட்ட வேண்டிய ஒழுக்கம்.

மின்வேதியியல் நமக்குப் புறம்பான கலை என்று எண்ணிவிடாதீர்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எழுந்து, 1953-இல் திறந்துவைக்கப்பட்டது. உங்கள் கல்லூரிச் சோதனைச் சாலையிலும் மின்வாய்கள் இருக்கின்றன. செப்புக் கரைசலில் நீங்கள் இரண்டு தகடுகளை இட்டு அளக்கும் மின்னோட்டத்துக்கும், நான் இன்று கூறிய மின்னோட்டத்துக்கும் அடிப்படை விதிகள் ஒன்றே. ஆயினும் இத்துறைக்கு வர விரும்புவோர்க்கு வேதியியல் ஒன்று மட்டும் போதாது. நச்சுயிரியின் இயல்பை அறிய உயிரியல் வேண்டும். சிறு குறியை இரைச்சலினின்றும் பிரிக்க மின்னணுவியல் வேண்டும். விடையின் நம்பகத்தை எடைபோடப் புள்ளியியல் வேண்டும். நாற்கால் பலகையில் ஒரு கால் குறைந்தாலும் அதன்மேல் எதனையும் வைக்க முடியாது.

நிறைவாக, உங்களுக்கு ஒரு பயிற்சியைச் சொல்லி என் பேச்சை முடிக்கிறேன். 'நிமிடத்தில் நச்சுயிரியைக் காட்டும் புதிய உணரி' என்னும் செய்தியை இனி நீங்கள் அடிக்கடி நாளிதழ்களில் படிப்பீர்கள். படித்தவுடன் வியந்துவிடவும் வேண்டாம், இகழ்ந்துவிடவும் வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அதனைச் சோதித்தது உப்பு நீரிலா, நோயாளியின் இரத்தத்திலா? ஒரு துளியில் எத்தனை நச்சுயிரிகள் இருந்தால் அது 'உண்டு' என்கிறது? நோயில்லாதவர் எத்தனை பேரைச் சோதித்து, அவர்களுள் எத்தனை பேரிடம் அது பொய் சொல்லிற்று? இம்மூன்றுக்கும் செவ்வையான விடை தரும் பட்டை ஒன்று, ஒரு தேநீரின் விலையில், ஊர்தோறும் உள்ள மருத்துவ நிலையத்துக்கு வரும் நாளில், தாய் தன் குழந்தையோடு விடைக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. அப்பட்டையை ஆக்கும் வேலை இன்னும் முடியவில்லை, கைகள் தேவைப்படுகின்றன.